செத்த கால்

மணி ஐந்து இருபது. சாயங்காலம்தான். ஆனால் கனடாவின் வடக்கே, சர்ச்சில் ஊரில், ஜனவரி மாதத்துச் சூரியன் நாலு மணிக்கே கடையைக் கட்டிவிட்டுப் போய்விடும். ரயில் தண்டவாளத்துக்கு நேர் மேலே, தெற்கே தாம்ப்சன் ஊரை நோக்கிப் போகிற வானவழி. கீழே ஒரு விளக்கு கிடையாது. ஒரு வீடு கிடையாது. மரம்கூட இடுப்பளவுக்கு மேல் வளரப் பயப்படுகிற நிலம்...

குளிரைச் சொல்லவா? பூச்சியத்துக்குக் கீழே நாற்பது. அன்று சர்ச்சில் ஓடுதளத்தில் ஒருவன் தும்மினானாம். தும்மல் கீழே விழுந்து உடைந்ததாம். அதைப் பெருக்கித் தள்ளிவிட்டுத்தான் விமானத்தைக் கிளப்பினார்கள். நம்பாதவர்கள் கையைத் தூக்க வேண்டாம், போர்வைக்குள் குளிர் போகும்.

இது லொரெட்டா ஸ்பென்ஸுக்கு நடந்தது. நம் பெர்னிஸ் இருக்கிறாளே, குலுங்குகிற விமானத்திலும் ஒரு சொட்டுச் சிந்தாமல் காபி ஊற்றுவாளே, அவளுடைய சித்தி மகள். நார்வே ஹவுஸ் பக்கத்து க்ரீ பழங்குடிக் குடும்பம். துணை விமானியாகி மூன்றே மாதம். அன்று அதே விமானத்தில் பெர்னிஸ் பணிப்பெண். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெர்னிஸ் எதையும் கூட்டிச் சொல்ல மாட்டாள். தும்மல் மட்டும் நான் போட்டது.

கேப்டன் பெயர் ஓரெஸ்ட் வாசிலிக். டாஃபின் ஊர்க்காரர். கரடிக்குச் சீருடை மாட்டின மாதிரி ஆள். வாயில் எப்போதும் சூரியகாந்தி விதை. கொறிப்பார், தோலைக் காகிதக் கோப்பையில் துப்புவார், கொறிப்பார். அன்றைக்குக் காலில் புது பூட்ஸ். ஏறும்போதே முனகல்.

"மருமக கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் குடுத்தா. ஒரு நம்பர் சின்னது. தெரிஞ்சே வாங்கியிருக்கா. வீட்டை எழுதி வச்சதும் கையுறையும் சின்னதா வாங்குவா."

"கழட்டிப் போடுங்க கேப்டன்."

"என் காலைப் பாத்தா நீ வேலையை விட்டுப் போயிடுவ பொண்ணே."

விமானம் பழசு. இறக்கைக்கு ஒன்றாய் இரண்டு என்ஜின், இரண்டு விசிறி. வடக்கே ஓடுகிற விமானங்களுக்கெல்லாம் ஒரே விதி. ஒன்றிலிருந்து கழற்றிய கதவு இன்னொன்றில் மாட்டியிருக்கும், மூன்றாவதன் நாற்காலி நாலாவதற்குள்ளே இருக்கும். இதில் எது எதனுடையது என்று பெற்றெடுத்த கம்பெனிக்கே தெரியாது. பயணிகள் இருபத்திரண்டு பேர். அதில் பாதி, தாம்ப்சனில் கர்லிங் போட்டிக்குப் போகிற சர்ச்சில் பெண்கள். பனித்தரையில் கல்லை உருட்டிவிட்டு அதன் முன்னால் துடைப்பத்தால் பெருக்கிக்கொண்டே ஓடுவார்களே, அதுதான். பதினோரு துடைப்பங்களையும் யாரிடமும் ஒப்படைக்க மாட்டோம் என்று மடியிலேயே வைத்துக்கொண்டிருந்தார்கள்.

இப்போது ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சின்ன விஷயம். ஆனால் இது தெரியாவிட்டால் பயப்படுவதற்கு ஒன்றும் இருக்காது.

இரண்டு விமானிகளின் காலடியிலும் ஆளுக்கு இரண்டு பெடல். வாலில் இருக்கிற சுக்கானைத் திருப்புவதற்கு. இடதை அழுத்தினால் மூக்கு இடது பக்கம் போகும், வலதை அழுத்தினால் வலது பக்கம். இவர் அழுத்தினால் அவர் காலடியிலும் அதே பெடல் அசையும். இரண்டுக்கும் ஒரே கம்பி. ஒரு என்ஜின் செத்தால் விமானம் செத்த பக்கமாக மூக்கைத் திருப்பும். நேரே வைக்க வேண்டுமென்றால் எதிர்ப்பக்கத்துக் காலால் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆக, ஒரு கால் உழைக்கும். இன்னொரு கால் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற கால் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கத்து என்ஜின்தான் செத்தது. மீட்டர் முள் பொய் சொல்லும், விளக்கு பொய் சொல்லும், கால் சொல்லாது. செத்த கால், செத்த என்ஜின்... விமானம் ஓட்டுகிற பிள்ளைகளுக்கு அம்மா என்ற சொல்லுக்கு அடுத்து கற்றுக்கொடுப்பது இதைத்தான்.

மேலே ஏறி முடித்ததும் ஓட்டும் வேலையை லொரெட்டாவிடம் விட்டுவிட்டு ஓரெஸ்ட் வானொலியும் விதையுமாக உட்கார்ந்தார். அவர் இடது இருக்கை, அவள் வலது. வெளியே கறுப்பு. உள்ளே முள் விளக்குகளின் மங்கல் சிவப்பு. விசிறிகளின் ஒரே சீரான... ஊம்ம்ம்.

முதலில் வந்தது வாசனை.

மூட்டு வலித் தைலம். நெடியானது. அதோடு ஈரக் கம்பளி. காலடியிலிருந்து எழும்பி வந்தது. பாவம் கிழவர், பூட்ஸ் கடித்த இடத்தில் தடவியிருக்கிறார் என்று நினைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. வயதானவர்களின் தைலத்தைப் பற்றிக் கேட்கக் கூடாது, அரை மணி நேரம் பதில் சொல்வார்கள்.

அடுத்து, பெடல்.

அவளுடைய வலது பாதத்தின் கீழே பெடல் மெல்லத் திருப்பித் தள்ளியது. லேசாகத்தான். கேப்டனின் கனமான கால் அந்தப் பக்கம் இடது பெடல் மேல் கிடக்கிறது போலிருக்கிறது... அவள் வலதை அழுத்திச் சமன் செய்தாள். கொஞ்ச நேரத்தில் இன்னும் கொஞ்சம் தள்ளியது. அவளும் இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். தரைக்கு அடியில் எங்கோ கம்பி... கிரீ...ச் என்றது.

பத்து நிமிஷம் இப்படியே போனது. தொடை நடுங்க ஆரம்பித்தது. மூன்று மாதத்துத் துணை விமானி, முப்பது வருஷத்துக் கேப்டனிடம் காலை எடுங்கள் என்று எப்படிச் சொல்வாள்?

அப்புறம் விமானம் உதறியது.

நாய் தண்ணீரை உதறுகிற மாதிரி ஒரு தடவை. நின்றது. பிறகு நிற்காமல். கோப்பையிலிருந்த விதைத் தோல் எல்லாம் துள்ளி ஓரெஸ்ட்டின் மடியில். வலது என்ஜினின் எண்ணெய் விளக்கு ஒரு சிமிட்டு சிமிட்டி அணைந்தது.

"அதை விடு," என்றார் ஓரெஸ்ட். "நவம்பர்லேருந்து கண்ணடிச்சிட்டு இருக்கு. வயர் லூசு. மூணு தடவை எழுதிப் போட்டாச்சு."

பின்னாலிருந்து உள்தொலைபேசி சிணுங்கியது. பெர்னிஸ்.

"என்னடி பண்றீங்க முன்னாடி? என் காபிக் கெட்டில் தனியா நடந்து போகுது."

"எந்தப் பக்கம் நடுங்குதுன்னு தெரியுதா?" என்று லொரெட்டா கேட்டாள்.

"எல்லாப் பக்கமும்தான். இருட்டுல எனக்கென்ன, ஆந்தைக் கண்ணா?"

ஓரெஸ்ட் வானொலியில் கேட்டுவிட்டுத் திரும்பினார். பின்னால் சர்ச்சிலைப் பனிப்புயல் மூடிவிட்டது. முன்னால் தாம்ப்சன், முப்பத்தைந்து நிமிஷம். ஒரு என்ஜினில் போய்விடலாம். தாராளமாகப் போகலாம். நோயாளி என்ஜினை அணைத்துவிட்டு நல்லதை வைத்துக்கொண்டு போக வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் எது நோயாளி?

அதில்தான் இருபத்தைந்து பேரின் உயிரும் இருந்தது. தப்பாக நல்லதை அணைத்துவிட்டால், கெட்டது தானாகச் சாகும். அந்தக் குளிரில் அணைந்ததை மறுபடி எழுப்ப முடியாது. விசிறி இரண்டும் நின்ற விமானம் எங்கே இறங்கும்? உங்களைக் கேட்காமலே இறங்கும்.

உதறல் பெருத்தது. முட்கள் இரண்டு பக்கமும் சேர்ந்து ஆடின.

"பொண்ணே, கால் என்ன சொல்லுது?"

லொரெட்டாவின் வலது கால் இரும்பாய் நின்று உழைத்துக்கொண்டிருந்தது. இடது கால் சும்மா கிடந்தது.

"இடது," என்றாள். "இடது செத்திருக்கு."

ஓரெஸ்ட் இடது என்ஜினின் லீவர் மேல் கையை வைத்தார். இப்படிப்பட்ட நேரத்தில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் கையை வைப்பார், வாயால் சொல்வார். அடுத்தவர் தன் கண்ணால் அந்தக் கையைப் பார்த்து, பார்த்த பிறகு, சரி என்று சொல்ல வேண்டும். அந்தச் சொல் வரும்வரைக்கும் கை அசையக் கூடாது. பாராமல் சொல்லப்பட்ட ஒரு 'சரி'க்காக எத்தனையோ கல்லறைகள்...

"இடது. சரியா?"

லொரெட்டா பார்த்தாள். கை இடது லீவர் மேல்தான் இருந்தது. 'ச' என்று உதடு பிரிந்தும் விட்டது. தொடை துடித்த துடிப்பில் பல்லைக் கடித்துக்கொண்டு, "முதல்ல உங்க காலைக் கொஞ்சம் எடுங்க கேப்டன், தாங்க முடியல," என்றாள்.

"எந்தக் கால்?"

"பெடல் மேல வச்சிருக்கீங்களே."

"நானா? கிளம்பின அஞ்சாவது நிமிஷமே பூட்ஸைக் கழட்டிட்டேனே."

அவள் கைவிளக்கை அடித்துப் பார்த்தாள். சிவப்புக் கோடு போட்ட கம்பளிச் சாக்ஸ். இரண்டு பாதமும் நாற்காலிக்குக் கீழே தரையில், பக்கத்தில் பக்கத்தில், தூங்குகிற நாய்க்குட்டிகள் மாதிரி. பெடல்கிட்டேயே இல்லை.

விளக்கை அப்படியே முன்னால் நகர்த்தினாள்.

கேப்டன் பக்கத்துப் பெடல்கள் இரண்டும் சமமாக நின்றன. அவளுடையவையும் சமம். ஒரு விரற்கடைகூட உள்ளே போகவில்லை. அவள் உடம்பின் பலம் முழுக்க வலதில் இருக்கிறது... பெடல் நகரவில்லை. ஒரு என்ஜின் செத்து, அதற்காக அவள் அழுத்தியிருந்தால் வலது பெடல் உள்ளே போயிருக்க வேண்டும். போகவில்லை. அப்படியென்றால் எந்த என்ஜினும் இன்னும் சாகவில்லை. அவள் காற்றோடு மல்லுக்கு நிற்கவில்லை.

ஒரு காலோடு மல்லுக்கு நிற்கிறாள்.

அந்தப் பயத்திலும் மண்டை தன்பாட்டுக்கு வேலை செய்ததாம், பழக்கதோஷம். எதிரே இருக்கிறது ஒரு கால். அது இடது பெடலை அழுத்துகிறது. அந்தக் காலுக்கு உரியவனுக்கு இடது கால் உழைக்கிறது. வலது கால் சும்மா கிடக்கிறது.

செத்த கால்... வலது.

"இடது இல்ல," என்றாள். "வலது."

"இப்பத்தானே இடதுன்னே?"

"கையை எடுங்க கேப்டன். அணைக்காதீங்க. முதல்ல வலதைக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்க."

"எதை வச்சுச் சொல்ற?"

எதை வைத்துச் சொல்வாள்? "குறைச்சுப் பாக்கறதுல என்ன குறைஞ்சிடப் போகுது," என்றாள். கேப்டனிடம் அவள் காட்டிய முதல் கோபம் அது.

ஓரெஸ்ட் ஒரு கணம் அவளைப் பார்த்தார். வலது லீவரை மெதுவாகப் பின்னுக்கு இழுத்தார். உதறல் குறைந்தது. இன்னும் இழுத்தார். நின்றது. திருப்பி முன்னே தள்ளினார், நாய் மறுபடி உதறியது. பின்னே இழுத்தார், நின்றது. அந்தக் கண்ணடிக்கிற விளக்கு இப்போது சிமிட்டாமல் முறைத்துக்கொண்டு எரிந்தது. வயர் ஒன்றும் லூசு இல்லை.

அவருடைய கை கொஞ்ச நேரத்துக்கு முன்னால் இடது லீவர் மேல் இருந்ததை இரண்டு பேரும் நினைத்துப் பார்த்தார்கள்.

"வலது. சரியா?"

அவள் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள்.

"சரி."

எரிபொருளை வெட்டினார். வலது விசிறி தன் இதழ்களைக் காற்றுக்கு ஓரமாகத் திருப்பிக்கொண்டு நின்றுபோனது. இப்போது மூக்கு வலது பக்கம் திரும்ப வேண்டும். லொரெட்டா இடது பெடலை அழுத்தக் காலைத் தூக்கினாள்.

தூக்கிய கால் கீழே வருமுன்... பெடல் போயிற்று.

தானாக. வழுக்கிக்கொண்டு. எவ்வளவு போக வேண்டுமோ அவ்வளவு. ஒரு மயிரிழை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மூக்கு அசையவே இல்லை. அந்தக் கம்பி மட்டும் தரைக்கு அடியில்... கிரீ...ச்.

"பலே," என்றார் ஓரெஸ்ட், சரிபார்ப்புப் பட்டியல் அட்டையைப் பார்த்துக்கொண்டே. "முப்பது வருஷத்துல இப்படி ஒரு கால் நான் பாத்ததில்ல பொண்ணே."

அவள் இரண்டு பாதங்களையும் எடுத்துத் தரையில் வைத்தாள். அவருடையதும் தரையில். நாலு காலும் செத்துக் கிடந்தன. விமானம் நூல் பிடித்த மாதிரி நேரே போனது.

பின்னால் பெர்னிஸ் அறிவிப்புச் செய்தாள். ஒரு என்ஜினை அணைத்திருக்கிறோம், இன்னொன்று நன்றாக ஓடுகிறது, பெல்ட்டை மாட்டுங்கள். துடைப்பம் பிடித்த பெண்மணி ஒருத்தி, "அதனாலென்னம்மா, எங்க டீம்லயும் பாதிப் பேருதான் வேலை செய்யறாளுங்க," என்றாளாம். சிரித்துவிட்டு எல்லோரும் பக்கத்து இருக்கைக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

முன்னால் யாரும் சிரிக்கவில்லை.

"நீ ஏதோ தைலம் தடவிட்டு வந்திருக்க போல," என்றார் ஓரெஸ்ட் கொஞ்சம் கழித்து. "கண்ணு எரியுது."

"நான் தடவல கேப்டன்."

அவர் விதை கொறிப்பதை நிறுத்தினார். கீழே குனிந்து பார்த்தார். உள்ளே போய் நிற்கிற இடது பெடல். தரையில் கிடக்கிற அவளுடைய கால். தன்னுடைய சாக்ஸ். நிமிர்ந்தார். கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி, மிக மெதுவாக, கால்களை நாற்காலிக்கு அடியில் இன்னும் உள்ளே இழுத்துக்கொண்டார். பக்கத்தில் ஒருவர் உட்கார இடம் விடுகிற மாதிரி.

மீதி வழி முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தார்.

தாம்ப்சன் விளக்குகள் தெரிந்தபோதுதான் லொரெட்டாவுக்கு அடுத்த பயம் வந்தது. இறங்குகிற கடைசி விநாடியில் நல்ல என்ஜினையும் குறைக்க வேண்டும். குறைத்த பிறகு அந்த இடது பெடல் அப்படியே நின்றால்? விமானம் இடது பக்கம் பாய்ந்து ஓடுதளத்தை விட்டுப் பனிமேட்டில் போய் மோதும். அவளுடைய கால் பலத்துக்கு அது அசையாது, அதைத்தான் பார்த்தாகிவிட்டதே.

தரை எழும்பி வந்தது. ஐம்பது அடி. முப்பது. அவள் லீவரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே, யாரைப் பார்த்துச் சொல்வதென்று தெரியாமல், காலடியைப் பார்த்துச் சொன்னாள்.

"போதும். இனிமே நான் பாத்துக்கறேன். விடுங்க."

பெடல் வந்தது. அவள் கை எவ்வளவு இழுத்ததோ அவ்வளவுக்கு... அங்குலம் அங்குலமாக... நடுவுக்கு. சக்கரம் தரையைத் தொட்டதே தெரியவில்லை. கர்லிங்காரிகள் கைதட்டினார்கள்.

வெளியே வலது என்ஜின் அடிவயிறு முழுக்க எண்ணெய். மெக்கானிக் ஆர்ச்சி கையுறையால் ஒரு தடவு தடவிப் பார்த்து, "இன்னும் அஞ்சு நிமிஷம் ஓட்டியிருந்தா உள்ள எல்லாம் ஒட்டிப் போயிருக்கும். சரியானதைத்தான் அணைச்சிருக்கீங்க," என்றான். "சில பேரு மாத்தி அணைச்சிடுவாங்க."

"யாரு?" என்று லொரெட்டா கேட்டாள்.

"எழுபத்தொம்பதுல லூசியன்னு ஒரு கேப்டன். வலது கெட்டுப் போச்சு, கூட இருந்தவன் இடதை அணைச்சுட்டான். இவரு பாக்காமலே சரின்னுட்டாராம். உறைஞ்ச ஏரி மேல விழுந்தாங்க. நான்தான் வெட்டி எடுத்தேன். மனுஷனுக்கு ஏற்கனவே இடது முழங்கால் சரியில்ல. அந்தக் கால் பெடல் மேல நீட்டி நின்னது, நின்னதுதான். மடக்கவும் முடியல, கீழே சாய்க்கவும் முடியல. சவப்பெட்டியை ஒரு அடி உயர்த்திச் செஞ்சோம்னா பாத்துக்கோ."

அந்த விமானம் என்னவாயிற்று என்று அவள் கேட்கவில்லை. ஆர்ச்சி தானாகவே சொன்னான். "நல்ல சாமான் எதையும் வீணாக்கல. இங்கொண்ணு அங்கொண்ணா மத்த விமானங்கள்ல மாட்டிட்டோம்."

ஓரெஸ்ட் சாக்ஸ் காலோடு பனியில் நின்றுகொண்டிருந்தார். பூட்ஸ் உள்ளே இருந்தது. போய் எடுத்து வரச் சொன்னால் ஆர்ச்சி போயிருப்பான். அவர் சொல்லவில்லை.

மூன்று பேரும் கொட்டகையைப் பார்த்து நடந்தார்கள். தாம்ப்சனில் அன்று துளிக் காற்றில்லை. கொட்டகைப் புகைக்குழாயிலிருந்து புகை நட்டு வைத்த கம்பம் மாதிரி நேரே மேலே போயிற்று.

கதவுக்குக் கிட்டே வந்ததும் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. கிரீ...ச். லொரெட்டா திரும்பினாள்.

விமானத்தில் விளக்கில்லை, ஆளில்லை. வாலில் சுக்கான் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. மெதுவாக இடது பக்கம்... பிறகு நடுவுக்கு. இடது பக்கம்... நடுவுக்கு. ரொம்ப நேரம் ஒரே பக்கமாக ஊன்றி நின்றவன், மரத்துப்போன காலை நீட்டி நீட்டி மடக்கிப் பார்ப்பானே... அந்த மாதிரி.